ஒன்றும் நடக்காத இரவில் ஜாக்கிரதை என்பது என்ன?

கேள்வி: இரவுக்காவலர், பொங்கோல், சிங்கப்பூர்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, நீண்ட நாளாக மனத்தில் கிடக்கும் ஒரு கேள்வியை உங்கள்முன் வைக்கிறேன்.

நான் 26 ஆண்டுகள் கப்பல் பழுதுபார்க்கும் தளம் ஒன்றில் வேலை செய்தேன். கடைசிப் பத்து ஆண்டுகள் பணித் திட்டமிடும் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்தேன். துருவேறி, ஓரம் நசுங்கி உள்ளே வந்த கப்பல் சில வாரங்களில் புதுச் சாயத்தோடு கடலுக்குத் திரும்புவதைக் கரையில் நின்று பார்க்கும்போது, இதில் என் உழைப்பும் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. சென்ற ஆண்டு ஆட்குறைப்பில் அந்த வேலை போயிற்று. 55 வயதில் ஏழு மாதம் விண்ணப்பம் அனுப்பி ஓய்ந்தபின், பாதுகாவலர் பயிற்சியை முடித்து உரிமம் பெற்று, இப்போது ஒரு கூட்டுரிமைக் குடியிருப்பில் (காண்டோமினியம்) மாலை ஏழு முதல் காலை ஏழு வரை காவல் இருக்கிறேன். வீட்டுச் செலவு நடக்கிறது. அதற்காகத் தேவனுக்கு நன்றி சொல்லாத நாளில்லை. ஆகவே, இதைச் சம்பளத்தைப் பற்றிய முறையீடாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் பழைய மேசையில் நீதிமொழிகள் 22:29 வசனத்தை ஒட்டி வைத்திருந்தேன்: "தன் வேலையில் ஜாக்கிரதையாயிருக்கிறவனை நீ கண்டால், அவன் நீசருக்கு முன்பாக நில்லாமல், ராஜாக்களுக்கு முன்பாக நிற்பான்." எங்கள் சபையின் வாலிபர் கூடுகையில் அந்த வசனத்தை வைத்து இரண்டு முறை பேசியும் இருக்கிறேன். இப்போது நான் நிற்பது ஒரு வாகனத் தடுப்புக்கு முன்பாக. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிலத்தடிக் கார் நிறுத்துமிடம், நீரேற்று அறை, நீச்சல் குளம், படிக்கட்டுகள் என்று சுற்றிவந்து, குறித்த இடங்களில் கருவியை வைத்துப் பதிந்துவிட்டு, "அனைத்தும் சீராக உள்ளன" என்று பதிவேட்டில் எழுதுகிறேன். ஓர் இரவில் ஆறு முறை அதே வாக்கியம்.

ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான் இந்த வேலையின் பலன். திருடன் வரவில்லை, தீப்பிடிக்கவில்லை, யாரும் தவறி விழவில்லை. விடிந்ததும் எடுத்துக் காட்ட என் கையில் ஏதுமில்லை. இப்படிப்பட்ட வேலையை மனப்பூர்வமாய்ச் செய்வது என்றால் என்ன? போன ஞாயிற்றுக்கிழமை, தேவன் ஒவ்வொருவரையும் ஒரு நோக்கத்தோடு படைத்திருக்கிறார் என்று போதகர் பிரசங்கித்தார். இரவுப் பணி முடிந்து நேரே ஆராதனைக்கு வந்து கண் எரிய உட்கார்ந்திருந்த எனக்கு, அந்த நோக்கம் கப்பல் தளத்தோடு முடிந்துவிட்டதோ என்ற எண்ணமே வந்தது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: ஓய்வுபெற்ற தாதி, ஈசூன்

தம்பி, 31 ஆண்டுகள் தாதியாக இருந்தவள் நான். அதில் பாதிக்கு மேல் இரவுப் பணி. ஆகவே நீங்கள் கேட்பது எனக்குப் புதிய கேள்வி அல்ல.

தாமாகப் புரண்டு படுக்க இயலாத நோயாளிகளை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்போம். எதற்காக என்றால், ஒரே பக்கமாகக் கிடக்கும் உடம்பில் எலும்பு அழுந்தும் இடத்தில் இரத்த ஓட்டம் குறைந்து தோல் சிவந்து, பிறகு புண்ணாகிவிடும். இடுப்பு, குதிகால், பின்முதுகின் அடிப்பகுதி என்று ஒவ்வோர் இடமாகப் பார்த்து, திருப்பி, தலையணை வைத்து, அட்டையில் குறிக்க வேண்டும். படுக்கைப்புண் வராத நோயாளி அதற்காக யாருக்கும் நன்றி சொல்வதில்லை, ஏனென்றால் வராத ஒன்று அவருக்கு எப்படித் தெரியும்? எங்களுடைய இரவு முழுவதும் அப்படி வராதவைகளால் ஆனது. உங்கள் ஆறு சுற்றுகளும் அந்த வகையைச் சேர்ந்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் விடியற்காலை நான்கு மணிக்கு, உடம்பு சோர்ந்து கண் இருட்டும் அந்த நேரத்தில், ஒரு மூதாட்டியைத் திருப்பாமலேயே திருப்பியதாகக் குறித்துவிட்டேன். அடுத்த முறை சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். காலையில் வந்த தாதி அவருடைய குதிகாலில் சிவப்பைக் கண்டுபிடித்தார். புண்ணாகும் முன்பே சரியாகிவிட்டது. ஆனால் அந்த அட்டையில் என் கையெழுத்து இருந்தது. யாரும் என்னைக் கண்டிக்கவில்லை, கண்டித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். அன்றிலிருந்து, பார்த்துவிட்டு எழுதுவது, எழுதிவிட்டுப் பார்க்கப் போவதில்லை என்று எனக்குள் ஒரு கட்டளை வைத்துக்கொண்டேன். மனப்பூர்வம் என்பதை அதற்கு மேல் பெரிதாக நான் விளங்கிக்கொள்ளவில்லை. "அனைத்தும் சீராக உள்ளன" என்ற வாக்கியம் ஆறு முறையும் ஒன்றாகவே இருக்கலாம், ஆனால் ஆறு முறையும் அது உண்மையாக இருக்க வேண்டும், தம்பி.

பதில் 2: பழைய தமிழாசிரியர், தோ பாயோ

ஐயா, நீங்கள் மேசையில் ஒட்டியிருந்த வசனத்திலேயே உங்களுக்கு விடை இருப்பதாக நினைக்கிறேன். ஜாக்கிரதை என்பதை நாம் இன்று கவனம், எச்சரிக்கை என்ற பொருளில் புழங்குகிறோம். வடமொழியிலிருந்து வந்த அச்சொல்லுக்கு விழித்திருத்தல் என்பதே வேர்ப்பொருள். சைவ சித்தாந்த நூல்கள் உறக்கத்துக்கும் கனவுக்கும் எதிரான விழிப்பு நிலையைச் சாக்கிரம் என்று சொல்வதும் இதே சொல்லைத்தான். நீதிமொழிகளின் அந்த இடத்தில் எபிரேய மூலத்தில் உள்ள சொல் விரைவையும் கைத்திறமையையும் குறிப்பது. அதைத் தமிழாக்கியவர்கள் விழிப்பைக் குறிக்கும் சொல்லை வைத்தார்கள். "அசதியாயிராமல் ஜாக்கிரதையாயிருங்கள்" என்று ரோமர் 12:11-இலும் அதே சொல் வருகிறது. ஆகவே தமிழ் வேதாகமத்தை வாசித்து வளர்ந்த நமக்கு உழைப்பாளி என்றால் விழித்திருப்பவன். அந்த வகையில், கப்பல் தளத்தில் இருந்ததைவிட இப்போதுதான் நீங்கள் அந்தச் சொல்லுக்கு மிக அருகில் இருக்கிறீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது எனக்கு மிகவும் பிரியமான பகுதி என்பதால் சற்று நீளும். "என் தேவனுடைய ஆலயத்தின் வாசற்படியில் காத்திருப்பதைத் தெரிந்துகொள்ளுவேன்" என்று 84-ஆம் சங்கீதம் சொல்கிறது. தாழ்மையைக் காட்டும் அழகான உவமை என்றே பலர் இதைக் கடந்துவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சங்கீதத்தின் தலைப்பைப் பாருங்கள்: அது கோராகின் புத்திரருக்குரியது. முதலாம் நாளாகமம் ஒன்பதாம் அதிகாரம் கோராகின் வம்சத்தாரை வாசல் காவலராகவே காட்டுகிறது. அங்கே காவலர் 212 பேர் என்று எண்ணிக்கை இருக்கிறது; நான்கு திசைகளிலும் காவல் இருந்தது; அவர்கள் இரவில் ஆலயத்தைச் சுற்றித் தங்கியிருந்து காலைதோறும் கதவுகளைத் திறக்க வேண்டியிருந்தது. எனவே வாசற்படி என்பது அந்தச் சங்கீதத்தில் உவமை அல்ல, அவர்களுடைய குடும்பத் தொழில்.

அந்தக் கோராகு யார்? எண்ணாகமம் 16-இல், தனக்குக் கொடுக்கப்பட்ட ஆலய வேலை போதாது, ஆசாரியப் பட்டமும் வேண்டும் என்று மோசேக்கு விரோதமாக எழும்பி அழிந்துபோனவன். பத்து அதிகாரங்கள் கழித்து, "கோராகின் குமாரரோ சாகவில்லை" என்று ஒரே ஒரு வரி வருகிறது. தகப்பன் சிறியதென்று தள்ளிய இடத்தில் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக நின்று, அங்கிருந்தே பாடினார்கள். உங்களைக் கோராகோடு ஒப்பிடுவதாகத் தயவுசெய்து நினைக்காதீர்கள். நீங்கள் பதவி கேட்டவர் அல்லர், இருந்ததை இழந்தவர். வாசலில் நிற்பது நோக்கம் முடிந்துபோனதற்கு அடையாளம் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை என்பதற்காகவே இதை எழுதினேன்.

பதில் 3: பாசிர் ரிஸ் வாசகி

மேலே உள்ள இரண்டு பதில்களையும் நன்றியோடு வாசித்தேன். எனினும், ஒரு பக்கம் மட்டும் பேசப்படுவதாக எனக்குப் படுகிறது.

"எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்" என்ற கொலோசெயர் நிருபத்தின் வார்த்தை, முதலில் அடிமைகளுக்கு எழுதப்பட்டது. நம் மொழிபெயர்ப்பில் வேலைக்காரர் என்று மென்மையாக இருக்கிறது. அதோடு பவுல் நிறுத்தவில்லை. உடனே எஜமான்களைப் பார்த்து, உங்களுக்கும் பரலோகத்தில் எஜமான் இருக்கிறார், வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள் என்கிறார். முதல் பாதியைச் சுவரில் மாட்டுகிறோம், இரண்டாம் பாதியை மாட்டியிருக்கும் வீட்டை நான் பார்த்ததில்லை. நம் வீட்டுப் பணிப்பெண்களுக்கு மாதத்தில் ஒரு நாளாவது, பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாத ஓய்வு நாள் தர வேண்டும் என்று 2023 ஜனவரியில் இங்கே சட்டம் நடைமுறைக்கு வந்தது. உபாகமம் ஐந்தாம் அதிகாரம் உன் வேலைக்காரியும் உன்னைப்போல் இளைப்பாற வேண்டும் என்று எப்போதோ சொல்லியிருக்க, சட்டம் வரும்வரை காத்திருந்த கிறிஸ்தவக் குடும்பங்களில் என் குடும்பமும் ஒன்று.

ஆகவே, அண்ணா, நான் உங்களிடம் கேட்க விரும்புவது வேறு. பகலில் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்? காவலாளரைப் பற்றிய 127-ஆம் சங்கீதம், கர்த்தர் நகரத்தைக் காவாராகில் காவலாளர் விழித்திருக்கிறது விருதா என்று சொல்லி, அடுத்த வசனத்திலேயே "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்" என்கிறது. விழிப்பையும் உறக்கத்தையும் ஒரே மூச்சில் சொல்லும் அந்தச் சங்கீதத்தை நம்பினால், பன்னிரண்டு மணி நேரப் பணி முடித்தவர் ஆராதனையில் கண் அயர்ந்தாலும் அதைப் பாவமாக எண்ண வேண்டியதில்லை. மாலை ஆராதனை இருந்தால் அதற்குப் போங்கள்.

நானும் கூட்டுரிமை வீட்டில்தான் இருக்கிறேன். எங்கள் வாயிலில் மூன்று ஆண்டுகளாக நிற்கும் காவலரின் பெயர் எனக்குத் தெரியாது என்பதை உங்கள் கேள்வியை வாசித்தபோதுதான் உணர்ந்தேன். இன்று மாலை கேட்டுவிட்டேன். நீங்கள் சுமக்கும் வெறுமை முழுவதும் உங்களுடைய விசுவாசக் குறைவால் வந்ததல்ல. அதில் ஒரு பகுதியை எங்களைப் போன்ற குடியிருப்பாளர்கள் உங்கள்மேல் ஏற்றி வைத்திருக்கிறோம்.

பதில் 4: ஓப்பிர் சாலைப் பங்கைச் சேர்ந்தவர்

நான் கத்தோலிக்கன்; பாட்டி காலத்திலிருந்து லூர்து அன்னை ஆலயத்துக்குப் போகிற குடும்பம். எங்கள் வீட்டில் வேலை என்றாலே, இயேசுவை வளர்த்த தச்சரான சூசையப்பர்தான் (யோசேப்பு) முன்னுக்கு வருவார். மே 1-ஆம் நாளை உழைப்பாளரான சூசையப்பரின் திருவிழாவாகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1955-இல் ஏற்படுத்தினார். சூசையப்பர் பேசியதாக நற்செய்தி நூல்களில் ஒரு சொல்கூட இல்லை, அவர் செய்த கதவோ நுகமோ எதுவும் நமக்குக் கிடைக்கவும் இல்லை. மத்தேயு சொல்வது, ஏரோது ராஜா பிள்ளையைக் கொல்லத் தேடுவான் என்று எச்சரிக்கப்பட்ட அந்த இரவிலேயே எழுந்து பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போனார் என்பதே. ஏரோதின் ஆட்கள் வந்தபோது அவருடைய வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. உங்களுடைய கேள்விக்கு இதைவிட நெருக்கமான ஒருவரை எனக்குத் தெரியவில்லை.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: இரவுக்காவலர், பொங்கோல்

அனைவருக்கும் நன்றி. இதைக் காவல் அறையிலிருந்து, இடைவேளையில் எழுதுகிறேன்.

ஈசூன் அக்காவின் பதிலை வாசித்தபோது நெஞ்சில் குத்தியது. கேள்வியில் நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. கடந்த இரண்டு மாதமாகப் பல இரவுகளில் ஒன்பது மணிக்கே ஆறு வரிகளையும் நேரம் போட்டு எழுதி வைத்துவிடுகிறேன். சுற்றி வருவதை நிறுத்தவில்லை, கருவியின் பதிவு அதற்குச் சாட்சி; ஆனால் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். நடக்கும் முன்பே சீராக உள்ளதாக எழுதியவனுக்கு, நடக்கும்போது பார்க்க என்ன இருக்கும்? வேலையில் பொருளில்லை என்று நான் முறையிட்ட மாதங்களும் இவையே. எது முன்னே, எது பின்னே என்று தெரியவில்லை.

கோராகின் புத்திரரைப் பற்றி ஆசிரியர் ஐயா எழுதியதை இன்னும் பல முறை வாசிக்க வேண்டும். நோக்கத்தைப் பற்றிய என் கேள்வி தீர்ந்துவிட்டதாகச் சொன்னால் பொய்யாகும்; கப்பல்கள் இன்னும் கனவில் வருகின்றன. தங்கை கேட்டதற்குப் பதில்: நான்கு மணி நேரம், சில நாள் ஐந்து. அடுத்த வாரத்திலிருந்து மாலை ஆராதனைக்கு மாறுகிறேன், மனைவியும் அதைத்தான் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்றிரவு மூன்று மணிச் சுற்றில் ஆறாம் மாடிப் படிக்கட்டின் தீத்தடுப்புக் கதவு, கீழே வைத்த ஒரு பூந்தொட்டியால் திறந்தே கிடந்தது. தொட்டியின் அடியில் படிந்திருந்த வட்டமான மண்கறையைப் பார்த்தால், பல நாளாக அங்கே இருந்திருக்க வேண்டும். தொட்டியை நகர்த்தினேன், கதவு தானாகச் சாத்திக்கொண்டது. பதிவேட்டில் இன்று மூன்று மணிக்கு எதிரே வேறொரு வாக்கியம் இருக்கிறது. ஐந்து மணிச் சுற்றுக்கு நேரமாகிறது, போய் வருகிறேன்.