பொதுச்சுவர் உள்ள வீடு, பக்கத்து வீட்டுக்காரர் துபாயில்: பிளான் அப்ரூவலுக்கு அவர் கையெழுத்து வேண்டுமா?

கெடிலக்கரை:
திருப்பாதிரிப்புலியூரில் அப்பா பெயரில் 4 சென்ட் மனை. 2011 தானே புயலில் ஓடு பறந்த பழைய வீட்டை இடித்துவிட்டு, கீழும் மேலுமாகக் கட்டப் போகிறோம். கிழக்குச் சுவர் எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொது. அந்த வீட்டுக்காரர் துபாயில். அவர் தம்பி நெய்வேலியிலிருந்து எப்போதாவது வந்து பார்ப்பார். "ரெண்டு பக்கமும் கையெழுத்து வாங்கிட்டு வாங்க, அப்புறம் அப்ளை பண்ணலாம்" என்கிறார் இன்ஜினியர். இது விதியா, வழக்கமா?

மனைக்கோல்:
வழக்கம்தான். சாதாரணக் குடியிருப்புக்கு அக்கம்பக்கத்தார் சம்மதம் வேண்டும் என்று 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகள் கேட்கவில்லை. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை இணையத்திலேயே அனுமதி வாங்கலாம். உங்கள் மனை சுமார் 1,742 சதுர அடி, அளவு பொருந்துகிறது. ஆனால் இதில் அனுமதிக்கு முன் யாரும் நேரில் வந்து பார்ப்பதில்லை. எல்லை எது என்பதையும் அந்த அனுமதி முடிவு செய்யாது.

அதனால் முதலில் எஃப் லைன் மனு (அரசு சர்வேயர் வந்து எல்லையை அளந்து காட்டக் கேட்கும் மனு) போட்டு நிலத்தை அளந்துவிடுங்கள். அளக்கும் முன் சர்வேயரே அக்கம்பக்க நில உரிமையாளர்களுக்கு நோட்டீஸ் தருவார். பக்கத்து வீட்டுக்கு அரசு வழியாகவே தகவல் போய்விடும், எல்லைக்கல்லும் தெளிவாகும்.

கெடிலக்கரை:
நன்றி அண்ணா. அப்போது கையெழுத்தே வேண்டாமா?

மனைக்கோல்:
பிளானுக்கு வேண்டாம், சுவருக்கு வேண்டும். பொதுச்சுவரில் அவருக்கும் உரிமை உண்டு. சம்மதம் இல்லாமல் அதை இடித்தால் கோர்ட்டில் தடையாணை வாங்கிவிடலாம். அவர் விட்டம் அந்தச் சுவரில் உட்கார்ந்திருந்தால் ஆபத்தும் கூட. என் யோசனை: அந்தச் சுவரைத் தொடாமல், உங்கள் பக்கம் தனித் தூண் போட்டுத் தனிச் சுவர் எழுப்புங்கள். கொஞ்சம் இடம் போகும், போகட்டும். வீடு இடிந்ததும் அந்தச் சுவர் வெளியே தெரியும். ஐப்பசி மழைக்கு முன் பூசிக் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அவர் வீட்டுக்குள் ஓதம் இறங்கும்.

லாஸ்பேட்டை_வாசகி:
புதுச்சேரியில் படிப்பவர்கள் கவனிக்க: மேலே சொன்னவை தமிழ்நாட்டு விதிகள். இங்கே தனிக் கட்டட விதிகள் உண்டு, பிளானிங் அதாரிட்டியில் கேளுங்கள்.

முன்சீப்_வாசல்:
தகராறு வரும் என்று தோன்றினால் வக்கீலிடம் சொல்லி கேவியட், அதாவது 'எங்களைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள்' என்று கோர்ட்டில் முன்கூட்டியே தரும் மனு, போட்டு வையுங்கள் (உரிமையியல் நடைமுறைச் சட்டம் 148ஏ). எதிர்த்தரப்புக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். 90 நாள் செல்லும். அதுவரை உங்களுக்குத் தெரியாமல் தடையாணை வாங்குவது கடினம். ஆனால் பேசிப் பார்க்காமல் முதலிலேயே இதைச் செய்யாதீர்கள். கோர்ட் தபாலைப் பார்த்ததும் நல்ல மனிதருக்கும் மனசு கசந்துபோகும்.

கெடிலக்கரை:
தம்பியிடம் பேசினேன், அளக்கும் நாளில் வருகிறேன் என்றார். துபாய்க்கு வாட்ஸப்பில் அனுப்ப இதை எழுதியிருக்கிறேன்: "அண்ணே, வீட்டை இடித்துக் கட்டப்போகிறோம். பொதுச்சுவரைத் தொடமாட்டோம். அளக்கும் தேதி தெரிந்ததும் சொல்கிறேன்." போதுமா?

மனைக்கோல்:
இடிப்பு தொடங்கும் தேதி, இன்ஜினியர் எண், மழைக்கு முன் சுவரைப் பூசித் தருகிறோம் என்ற வரி, மூன்றையும் சேருங்கள். சுவரின் இப்போதைய விரிசல்களை இரு பக்கமும் தம்பியை வைத்துக்கொண்டே படம் எடுத்து அதோடு அனுப்புங்கள். ஒரு நகலைப் பதிவுத் தபாலில் அந்த வீட்டு முகவரிக்கும் போட்டு, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.