குட்டை அடிமண் கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம்: சுண்ணாம்பு போட்டால் தீருமா?

உப்பூர்வாசி:
தேவிபட்டினத்துக்கு வடக்கே எங்கள் இறால் குட்டை. அறுவடை முடிந்து தண்ணீரை வடித்தால் ஒரு மூலையில் மட்டும் அடிமண் தார் போலக் கிடக்கிறது; மூக்கைப் பொத்திக்கொண்டுதான் இறங்க வேண்டும். யாரோ டீசல் கொட்டிவிட்டார்கள் என்கிறார் பக்கத்துக் குட்டைக்காரர். ஆனால் மண்வெட்டியால் புரட்டிப் போட்ட மண் வெயிலில் பழுப்பாகிவிடுகிறது. தீவனக் கடையில் சுண்ணாம்பு போடச் சொல்கிறார்கள். போடலாமா?

கழிமுகம்:
டீசல் இல்லை. டீசல் காற்றுப் பட்டுப் பழுப்பாகாது. ஒரு கட்டியைத் தண்ணீரில் கரைத்துப் பாருங்கள், வானவில் படலம் வராது. அது இரும்பு சல்பைடு, பாக்டீரியாக்களின் வேலை.

மிஞ்சிய தீவனமும் கழிவும் ஏரேட்டர் (தண்ணீரைக் கலக்கிக் காற்றூட்டும் பொறி) கிளப்பும் ஓட்டத்தில் அந்த மூலைக்குத்தான் ஒதுங்கும். அங்கே ஆக்சிஜன் தீர்ந்ததும் சல்பேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் தலையெடுக்கின்றன. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 2.7 கிராம் சல்பேட் உண்டு, அவற்றுக்குப் பஞ்சமே இல்லை. அவை வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுதான் அந்த நாற்றம். மண்ணிலுள்ள துருவை வேறு சில பாக்டீரியாக்கள் கரையும் இரும்பாக மாற்றுகின்றன. இரண்டும் சேர்ந்தால் மாக்கினாவைட் என்ற கறுப்புத் துகள். நாள்பட்டால் அதில் ஒரு பகுதி பைரைட் என்ற இன்னொரு இரும்பு சல்பைடு ஆகும். பெரும்பாலும் பாக்டீரியா கனிமத்தை உருவாக்குவதில்லை, மூலப்பொருளைத் தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. காந்தத்தை உணரும் சில பாக்டீரியாக்கள் மட்டும் கிரெய்கைட் என்ற சல்பைடைத் தம் உடலுக்குள்ளேயே சரமாகக் கட்டுகின்றன. அது தனிக் கதை!

உப்பூர்வாசி:
அப்படியானால் கறுப்பு கெடுதல் இல்லையா, ஐயா?

கழிமுகம்:
கறுப்பு நஞ்சைப் பிடித்து வைக்கிறது. இரும்பு போதாமல் போகும்போதுதான் வாயு தண்ணீருக்குள் கசிந்து இறாலைக் கொல்லும். நாற்றம் அவ்வளவு பலமாக அடித்தால் இரும்பு போதவில்லை என்று பொருள்.

அலையாத்தி நண்பன்:
சுண்ணாம்பு அமிலத்தை முறிக்கத்தான், அதற்கு அவசரப்படாதீர்கள். குட்டை பழைய அலையாத்தி நிலத்தில் வெட்டியதா? அங்கே பைரைட் நிறைய இருக்கும். காய்ந்தால் கந்தக அமிலம் வரும், பிஎச் 4-க்குக் கீழே போகலாம். மண்ணைப் பல வாரம் ஈரமும் காற்றும் பட வைத்து பிஎச் அளந்து பாருங்கள். சிப்பித் துண்டுகள் நிறைந்த மண் என்றால் அமிலம் அங்கேயே அடங்கிவிடும். அளக்காமல் மூட்டை மூட்டையாகக் கொட்டினால் செலவுதான் மிச்சம்.

உப்பூர்வாசி:
மணலும் சிப்பியும் கலந்த இடம்தான், அலையாத்தி இருந்ததில்லை. அப்படியானால் உழுது காய விடுகிறேன், அண்ணே. வாரியெடுக்கும் கறுப்புச் சேற்றைக் கரைமேல் போடலாமா?

அலையாத்தி நண்பன்:
வேண்டாம் தம்பி. ஐப்பசி மழையில் கரைந்து அப்படியே குட்டைக்குள் இறங்கும். தள்ளிக் கொட்டுங்கள். அடுத்த முறை ஏரேட்டரின் திசையை மாற்றி, அந்த மூலையில் தீவனத்தைக் குறைத்துப் போடுங்கள்.