மேலத்தெரு வீட்டுக் குழு

செல்வி: செந்திலுக்கு வேலை உறுதியாகிவிட்டது. பூட்டானில் அணை கட்டும் இடம். 12ஆம் தேதி போய்ச் சேர வேண்டும். அவன் வாக்காளர் அட்டையை யாராவது பார்த்தீர்களா?

மணி: வாழ்த்துகள் மாப்பிள்ளை. ஆதார் போதாதா?

ராஜு அண்ணன்: செல்லாது. பாஸ்போர்ட், இல்லையென்றால் வாக்காளர் அட்டை. விசா கிடையாது.

செந்தில்: பாஸ்போர்ட் காலாவதி, பெரிய மாமா.

கௌரி: வெளிநாட்டுக்கு விசா இல்லாமலா?

ராஜு அண்ணன்: சொல்கிறேன். ஜெய்காவ் வரை இந்தியா, ஒரு கேட்டைத் தாண்டினால் பூட்டானின் புன்ஷோலிங். இந்தப் பக்கம் ஹாரன் சத்தம், அந்தப் பக்கம் கப்சிப். இரண்டு நாடும் 1949இல் போட்ட ஒப்பந்தம், 2007இல் திருத்தினார்கள். 1958இல் நேரு போனபோது ரோடே இல்லை, குதிரையிலும் யாக் மாட்டிலும்தான் போனார். 1961இல் நம் எல்லைச் சாலை அமைப்பின் பூட்டான் பிரிவு வந்தது, தந்தக் என்று பெயர், நான் இருந்த துறை. தலைநகர் திம்பு வரை ரோடு போட்டது நாங்கள்தான்.

மல்லிகா அண்ணி: 1961இல் உங்களுக்கு இரண்டு வயசு.

ராஜு அண்ணன்: துறையைச் சொன்னேன்.

வசந்தா அக்கா: அங்கே சீனாக்காரன் சண்டை என்றார்களே

ராஜு அண்ணன்: அது எல்லையில் இருக்கிற டோக்லாம், 2017. இவன் போவது வாங்டூ பக்கம்.

மணி: நம் காசில் அவர்களுக்கு எதற்கு அணை?

ராஜு அண்ணன்: இனாம் இல்லை தம்பி. அங்கே முன்பு கட்டிய சுக்கா மின் திட்டத்துக்கு 60 சதவீதம் மானியம், 40 கடன். இவன் போகிற புனாட்சாங்சு-1க்கு 40 மானியம், 60 கடன். மழைக்காலத்தில் மிச்சக் கரண்ட் நமக்கு வரும். குளிரில் ஆறு வற்றினால் அவர்கள் நம்மிடம் வாங்குவார்கள்.

செல்வி: அண்ணே, அங்கேதான் மலை சரிந்ததாமே?

ராஜு அண்ணன்: 2013இல் வலது கரை நகர்ந்தது. 1,200 மெகாவாட், இன்னும் முடியவில்லை. ஆற்றில் கீழே இருக்கிற புனாட்சாங்சு-2ஐ 2025 நவம்பரில் திறந்துவிட்டார்கள்.

செல்வி: செந்தில், இதை ஏன் சொல்லவில்லை?

செந்தில்: எனக்கு ஆபீஸ் வேலைதான்மா.

மல்லிகா அண்ணி: இவரும் அப்படித்தான் எழுதினார்.

கௌரி: ஞாயிறு பிரியாணிக்கு எத்தனை பேர்? சம்பளம் அந்த ஊர்ப் பணமா?

ராஜு அண்ணன்: நுல்ட்ரம். நம் ரூபாயும் அதுவும் ஒன்றுக்கு ஒன்று.

மல்லிகா அண்ணி: எனக்கு ஒன்றும் வரவில்லை.

வசந்தா அக்கா: 😂 அம்மா போனபோதும் மூன்றாம் நாள்தானே வந்தார்

ராஜு அண்ணன்: மண்சரிவு. ரோடு அடைத்திருந்தது. எத்தனை முறை சொல்வது?

மணி: நீங்கள் போட்ட ரோடுதானே அண்ணே

ராஜு அண்ணன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செந்தில்: அட்டை ஆயா பீரோவில்தான் இருக்கும். கீழ்த்தட்டு, ரேஷன் கார்டு வைத்த மஞ்சள் பை.

செல்வி: சாவி வசந்தாவிடம்.

வசந்தா அக்கா: வீட்டுச் சாவி என்னிடம். பீரோ சாவியை எடுத்துப் போனது மணி.

மணி: நான் தொடவே இல்லை. பாகம் பிரிக்கும்போதும் இதையேதான் சொன்னாய்.

செல்வி: சண்டை அப்புறம். ஞாயிறு யார் மேலத்தெருவுக்குப் போகிறீர்கள்?

ராஜு அண்ணன்: செந்தில், அங்கே நேரம் 30 நிமிடம் முன்னால். ஸ்வெட்டர் இரண்டு எடுத்துக்கொள்.

கௌரி: பிரியாணிக்கு யாருமே பதில் சொல்லவில்லை. மட்டனா, கோழியா?

வசந்தா அக்கா: மட்டன்

மணி: மட்டன்