அரசவைக் கதைகளும் நாங்களும்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

நல்லூரிலிருந்து:

எனக்கு முதல் அரசவை ஜாம் போத்தல் விளக்கில்தான் தெரிந்தது. 1990-க்குப் பிறகு இங்கே மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் யானை விலை. போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, ஒரு சிறு திரியைக் கொளுத்துவோம். அந்த வெளிச்சத்துக்கு ஒரு பக்கம்தான் எட்டும். அம்மம்மா வாசிப்பார். நாங்கள் நாலு பிள்ளைகளும் பாயில் படுத்துக் கேட்போம்.

புத்தகம் என்று சொன்னாலும் அது கடையில் வாங்கியது இல்லை. பெரியம்மா இளவயதில் இந்தியாவிலிருந்து வந்த வாரப் பத்திரிகைகளில் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்தெடுத்து, அடுக்கி, சாக்கு ஊசியால் தைத்து, தடித்த மட்டை போட்டு வைத்திருந்தார். ஒரு பக்கத்தில் இளவரசி மாடத்தில் நிற்பாள். மறுபக்கத்தில் பாதி வெட்டுப்பட்ட கூந்தல் எண்ணெய் விளம்பரம் இருக்கும். எனக்கு இன்றைக்கும் அந்த இரண்டும் சேர்ந்துதான் ஞாபகம் வரும்.

கதையில் ஒரு சபைக் காட்சி. ஒரு வாலிபனை மந்திரி கொலுமண்டபத்தில் எல்லோருக்கும் முன்னால் நிறுத்தி, "நீ யாருடைய ஆள்?" என்று கேட்கிறார். அவன் வாய் திறக்கிற இடத்தில் கறையான் இரண்டு தாளைத் தின்றுவிட்டது. அம்மம்மா அந்த இடத்தில் ஒரு நாளும் நிறுத்தியதில்லை. ஓட்டையைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்து சொல்லுவார். ஒரு இரவு அவன் துணிந்து பதில் சொன்னான். இன்னொரு இரவு மந்திரியிடமே ஒரு கேள்வி கேட்டான். மூன்றாவது தடவை அவன் ஒன்றுமே பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று நான் கேட்டதற்கு அம்மம்மா சொன்னது: "சபையிலை வாய் திறக்காதவனுக்குத்தான் பிள்ளை எல்லாரும் பயப்பிடுவினம்."

1995 ஒக்டோபர் 30 இரவு போரால் ஊரே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது அந்தக் கட்டு வீட்டோடு நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது அலுமாரியே இல்லை. பல வருடங்கள் கழித்து அதே கதையை அச்சுப் புத்தகமாக வாங்கினேன். பஸ்ஸில் வரும்போதே அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். வாலிபன் ஒன்றரைப் பக்கத்துக்குப் பேசுகிறான். நல்ல தமிழ்தான், ஆனால் அம்மம்மாவின் மூன்றாவது முடிவுக்குக் கிட்ட வரவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒன்று தெளிவு. போர்க்களத்தை நான் வேகமாகப் புரட்டிவிடுவேன். அரசவைதான் எனக்குக் கதை. யார் எங்கே நிற்கிறார், யார் முன்னால் எந்தச் சொல்லைச் சொல்லலாம், ஒரு சொல் தவறினால் யாருடைய தலை போகும் என்பதுதான் சுவை. உங்களுக்கு எப்படி? வாசித்ததோடு சேர்த்து உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

கொக்குவிலிலிருந்து:

பிள்ளை, உங்கள் அம்மம்மாவுக்குச் சபை நன்றாக விளங்கியிருக்கிறது.

நான் வரலாறு படிப்பித்தவன். ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதினால் பின்வாங்கில் இருப்பவர்கள் தூங்கிவிடுவார்கள். அதனால் ஒரு நாள் ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண அரசர்களைப் பற்றி எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையைக் கதையாகவே சொன்னேன். பரராசசேகர மகாராசாவுக்கு மனைவியர் சிலர், பிள்ளைகள் பலர். மூத்தவன் சிங்கவாகு நஞ்சூட்டப்பட்டு இறக்கிறான். இன்னொரு மகன் பரநிருபசிங்கன் வைத்தியத்தில் கெட்டிக்காரன். கண்டியில் அரசனுக்கு நோய் என்று அவனை அழைக்கிறார்கள். அவன் அங்கே போயிருக்கும் நேரத்தில் பண்டாரம் என்ற இளவரசன் பூங்காவனத்தில் உலாவும்போது வெட்டுப்படுகிறான். சிம்மாசனம் இன்னொரு மகனான சங்கிலியின் கைக்கு வருகிறது.

நான் சொல்லி முடிக்க, பத்தாம் வகுப்புப் பெடியன் ஒருவன் எழும்பினான். "சேர், கண்டி அரசனுக்கு உண்மையாகவே வருத்தம் வந்ததா? இல்லாவிட்டால் அண்ணனை ஊரைவிட்டு அனுப்பத்தான் அந்த ஓலை வந்ததா?"

வைபவமாலையில் அப்படி ஒரு சந்தேகமே இல்லை. இத்தனை வருடம் வாசித்த எனக்கும் அது தோன்றவில்லை. அந்தக் கேள்வியில் ஒரு முழு நாவல் இருக்கிறது. ஓலையை எழுதியது யார், கொண்டு வந்தது யார், அண்ணன் மருந்துப் பெட்டியைக் கட்டும்போது தம்பி பக்கத்தில் நின்று என்ன கதைத்தான்? நல்லூர் அரசர்களின் பட்டப்பெயரிலேயே செகராசசேகரம், பரராசசேகரம் என்று இரண்டு வைத்திய நூல்கள் இருக்கின்றன. வைத்தியம் அந்த அரண்மனையில் பெரிய விசயம். அதனால் ஓர் இளவரசன் வைத்தியனாகப் புறப்படுவது யாருக்கும் சந்தேகம் தந்திருக்காது.

வைபவமாலையில் உள்ளதெல்லாம் அப்படியே நடந்தது என்று எடுக்க முடியாது. வகுப்பில் அதையும் சொன்னேன். ஆனால் மணி அடித்த பிறகும் ஒருவரும் எழும்பவில்லை.

நயினாதீவிலிருந்து:

நான் சுருக்கமாக எழுதுகிறேன். பொன்னியின் செல்வனில் வந்தியத்தேவன் கோடிக்கரையிலிருந்து பூங்குழலியின் படகில் ஈழத்துக்கு வருவான். எங்கள் தீவுக்குச் சொல்கிற நாகத்தீவு என்ற பெயரைப் பதின்மூன்று வயதில் அந்தப் பக்கத்தில் கண்டபோது புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய்க் கடலைப் பார்த்தேன். எங்கள் தீவுக்குப் படகில் வருகிறவர்களை ஒவ்வொரு நாளும் பார்க்கிறவன் நான். அன்றைக்குக் குறிகட்டுவான் பக்கமிருந்து வந்த படகில் இறங்கிய ஒவ்வொருவரையும் உற்றுப் பார்த்தேன், யாராவது ஓலை கொண்டு வருகிறார்களா என்று.

மானிப்பாயிலிருந்து:

நான் 2022-இல் பொன்னியின் செல்வன் படம் பார்த்த பிறகுதான் புத்தகத்துக்கு வந்தேன். வீட்டில் பெரியவர்கள் இதை ஒரு குறையாகச் சொல்லும்போது மனம் நொந்திருக்கிறது. ஐந்து பாகத்தையும் ஏ.எல். பரீட்சை எழுதிய கையோடு வாசித்தேன். படத்தில் குந்தவையின் அழகு கண்ணில் நிற்கும். ஆனால் அவள் எப்படி யோசிக்கிறாள் என்பது புத்தகத்தில்தான் தெரிகிறது. அரண்மனையை விட்டு அதிகம் அசையாமல், ஒரு தூதனைத் தெரிந்தெடுத்து அனுப்பியே அவள் காரியத்தை நகர்த்துகிறாள். இந்தக் கதை 1950-இல் தொடராக வரத் தொடங்கியது என்று அறிந்தபோது இன்னும் ஆச்சரியம். அந்தக் காலத்தில் ஒவ்வொரு வாரமும் எங்கள் ஊர் வாசிகசாலையில் பத்திரிகைக்கு வரிசை நின்றது என்று அப்பப்பா சொல்லுவார்.

நல்லூர் அக்கா, அம்மம்மாவின் மூன்றாவது முடிவை நானும் எடுத்துக்கொள்கிறேன்.

குருநகரிலிருந்து:

கொக்குவில் மாஸ்ரருக்கு வணக்கம். நான் இப்போது குருநகரில் இருக்கிறேன், பிறந்தது மன்னாரில். சங்கிலி என்ற பெயரை நான் முதலில் கேட்டது கதையில் இல்லை, தோட்டவெளியில். 1544-இல் கத்தோலிக்கத்துக்கு மதம் மாறிய குற்றத்துக்காகச் சங்கிலி மன்னன் கொன்ற மன்னார்ச் சனங்களை அங்கே வேதசாட்சிகள் என்று வணங்குகிறோம். அறுநூறு பேர் அளவில் என்று சொல்வார்கள். ஆச்சி என்னைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவார்.

பிறகு படிக்க யாழ்ப்பாணம் வந்தேன். முத்திரைச் சந்தியில் அதே பெயரில் வாளோடு குதிரையில் ஒரு சிலை. முதல் நாள் அதைக் கடந்து போகக் கால் வரவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு நின்றேன். பறங்கியரை எதிர்த்து நின்ற அரசர்களின் பெயர் அது என்பதும் எனக்குத் தெரியும். 1619-இல் இராச்சியம் விழுந்த பிறகு கடைசிச் சங்கிலியைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். அது இரண்டாம் சங்கிலி. மன்னாருக்குப் படை அனுப்பியது முதலாம் சங்கிலி. இருவரையும் ஒருவராக்கிப் பேசுகிறவர்கள் பலர்.

அரண்மனைக் கதைகள் எனக்கும் உயிர். ஆனால் யாராவது நல்லூர் அரசவையை நாவலாக எழுதினால், மன்னாருக்குப் படை அனுப்பலாமா என்று பேசிய அந்தச் சபையையும் எழுத வேண்டும். ஒரு மந்திரியாவது வேண்டாம் என்று சொல்ல எழும்பியிருப்பார். இல்லாவிட்டால் எழும்ப நினைத்து இருந்திருப்பார். எனக்கு அந்த மனிதரை வாசிக்க வேண்டும்.

கொக்குவிலிலிருந்து:

தங்கச்சி, நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. அந்தச் சபையை விட்டுவிட்டு எழுதுவது அரைக் கதைதான். வகுப்பில் நானும் அந்த ஆண்டை ஒரு வரியில் கடந்திருக்கிறேன். இனி அப்படிச் செய்ய மனம் வராது.

வட்டுக்கோட்டையிலிருந்து:

எனக்கு வாசிப்புக் குறைவு, கூத்துத்தான் கூட. சின்ன வயதில் களரிக்கு முன்னால் சாக்கை விரித்துக்கொண்டு விடிய விடியப் பார்த்தவன். வடமோடிக் கூத்தில் அரசன் சும்மா வந்துவிட மாட்டான். முதலில் கட்டியகாரன் வருவான். அரசர் வருகிறார், சபையை ஒழுங்காக்குங்கள் என்று அவன் ஆடிப் பாடி அறிவிப்பான். பிறகு இரண்டு பேர் சீலையைப் பிடிப்பார்கள். சீலைக்குப் பின்னால் சதங்கைச் சத்தம் மட்டும் கேட்கும். மத்தளம் ஏற ஏற, சீலைக்குக் கீழே இரண்டு கால் தெரியும். அந்தக் கால்கள் ஊரில் தோட்டம் செய்கிற எங்கள் பெரியப்பாவினுடையவை, அது எனக்குத் தெரியும். ஆனாலும் சீலை விலகியதும் என் உடம்பு சிலிர்க்கும். கரப்புடுப்பும் முடியுமாக நிற்பவரைப் பெரியப்பா என்று கூப்பிட வாய் வராது.

நாவலில் அரசவையை வாசிக்கும்போதும் நான் அந்தச் சீலையைத்தான் தேடுவேன். அரசனை உடனே காட்டிவிடுகிற கதை எனக்குப் பிடிக்காது. காக்க வைக்க வேண்டும்.

உரும்பிராயிலிருந்து:

வேலை காரணமாக மாத்தறையில் ஆறு வருடம் இருந்தேன். அங்கே கூட வேலை செய்த ஒருவர், சிங்கள இலக்கியத்தில் ஊறியவர், ஒரு பின்னேரம் என்னைத் தெவிநுவரைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனார். "உங்கள் ஊருக்கு இங்கேயிருந்துதான் ஒரு குயில் போனது" என்றார். எனக்கு விளங்கவில்லை. பிறகு கோகில சந்தேசய என்ற பழைய தூதுக் காவியத்தைப் பாடிக் காட்டினார். தெவிநுவரையிலிருந்த பிக்கு ஒருவர் யாழ்ப்பாணத்தில் ஆட்சியிலிருந்த சப்புமல் குமாரயவுக்கு அனுப்பும் குயில் விடு தூது அது. எங்கள் நகரை அதில் குபேரனின் அளகாபுரியோடு ஒப்பிடுகிறார்கள்.

சப்புமல் என்பவர் நாங்கள் செண்பகப் பெருமாள் என்று சொல்கிற ஆள்தான். தெற்கே கோட்டை என்ற இராச்சியத்தை ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகுவின் வளர்ப்பு மகன். 1450-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார். தோற்ற கனகசூரிய சிங்கையாரியன் இரண்டு மகன்களோடு இந்தியாவுக்குத் தப்பினான். வளர்ப்புத் தந்தை இறந்ததும் கோட்டைச் சிம்மாசனத்துக்காகச் சப்புமல் தெற்கே போக, 1467-இல் இவர்கள் படையோடு திரும்பி வந்து ஊரை மீட்டார்கள்.

அன்றிரவு அறைக்கு வந்தும் நித்திரை வரவில்லை. அந்த இரண்டு பிள்ளைகளைத்தான் நினைத்தேன். பதினேழு வருடம் வேறொருவர் அரசவையின் ஓரத்தில் நின்று வளர்ந்தவர்கள். அகதியாக வேற்று வாசலில் நின்ற அனுபவம் எங்கள் தலைமுறைக்கும் உண்டு. அதே நேரம் தெற்கே என் நண்பருக்கு நாயகன் சப்புமல்தான், அதுவும் நியாயம். இரண்டு பக்கத்திலும் நின்று எழுதக்கூடிய ஒருவர் கிடைத்தால் நான் அந்தப் புத்தகத்துக்காக வரிசையில் நிற்பேன்.

நல்லூரிலிருந்து:

உரும்பிராய் அண்ணை எழுதியதை வாசித்தவுடன் எனக்கு நல்லூர்த் திருவிழாதான் ஞாபகம் வந்தது. அங்கே கட்டியம் சொல்லும்போது புவனேகபாகு என்ற பெயர் இன்றைக்கும் வருகிறது. கோயிலைக் கட்டியவர் என்று அந்தப் பெயர். அது கோட்டைக்குப் போய் ஆறாம் புவனேகபாகு என்று முடிசூடிய அதே செண்பகப் பெருமாள்தான் என்பவர்கள் உண்டு. வைபவமாலையோ புவனேகவாகு என்ற மந்திரி என்கிறது. சிறுவயதில் நெரிசலில் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், அந்தப் பெயர் காதில் விழும். கச்சான் வாங்கித் தருவார்களா என்ற நினைப்புத்தான் அப்போது. இப்போது அந்த இடத்தில் கண் கலங்கிவிடுகிறது. அரண்மனை இல்லை, மண்டபம் இல்லை, ஆனால் கட்டியம் மட்டும் நிற்காமல் தொடர்கிறது. வட்டுக்கோட்டை ஐயா சொன்ன சீலை இன்னும் பிடித்தபடியே இருக்கிறது போல.

சரி, ஒரு விருப்பம். வடக்கே சட்டநாதர், கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாசநாதர், மேற்கே வீரமாகாளி அம்மன். பழைய தலைநகரின் நாலு பக்கக் கோயில்களையும் சைக்கிளில் ஒரு காலையில் சுற்றிவிடலாம். இடையில் சங்கிலித்தோப்பு வளைவு, மந்திரிமனை, பிறகு யமுனா ஏரி. வருகிற ஞாயிறு ஆறு மணிக்குச் சட்டநாதர் வாசலில் நிற்பேன். ஒன்றரை லீற்றர் தேத்தண்ணி கொண்டுவருவேன்.

மானிப்பாயிலிருந்து:

நான் வருகிறேன் அக்கா. யமுனா ஏரிப் படியில் இருந்து அந்தச் சபைக் காட்சியை அம்மம்மா சொன்ன மாதிரியே எங்களுக்குச் சொல்ல வேண்டும்.

குருநகரிலிருந்து:

நானும். தோழி ஒருவரையும் கூட்டிக்கொண்டு வருவேன்.

நல்லூரிலிருந்து:

வாருங்கள். மூன்று முடிவையும் சொல்கிறேன். தேத்தண்ணிக்கு ஆளுக்கொரு குவளை மட்டும் கொண்டுவாருங்கள்.