பழைய லாரியின் கிளட்ச் லிங்கேஜ்: பெடலில் ஆட்டம் கூடிக்கொண்டே போவது ஏன்?

கேள்வி

வணக்கம். என்னிடம் இருப்பது ஹைட்ராலிக் இல்லாமல், பெடலிலிருந்து ஃபோர்க் (கிளட்சை விடுவிக்கும் கவை) வரை முழுவதும் ராடுகளாலேயே (இந்த ராடுகளின் தொடர்தான் லிங்கேஜ்) இயங்கும் கிளட்ச் கொண்ட பழைய லாரி. பெடலை முக்கால்வாசிக்கு மேல் மிதித்த பிறகுதான் கிளட்ச் விடுபடத் தொடங்குகிறது. ரிவர்ஸ் கியர் போடும்போது கரகரவென்று சத்தம் வருகிறது. அட்ஜஸ்டிங் ராடைத் திருகினால் சில நாட்கள் சரியாக இருக்கிறது, பிறகு பழையபடி ஆகிவிடுகிறது. இனித் திருகுவதற்கு மரையும் அதிகம் மிச்சமில்லை. கிளட்ச் பிளேட்டையே மாற்ற வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். கியர் பாக்ஸை இறக்குவதற்கு முன் நானே பார்த்துக் கற்றுக்கொள்ளக்கூடியது எது, எங்கே தொடங்க வேண்டும் என்று விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முதல் பதில்

வணக்கம். நீங்கள் எழுதியதிலேயே ஒரு முக்கியமான தடயம் இருக்கிறது. பிளேட் தேயத் தேய, பிரஷர் பிளேட்டின் (கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் தட்டு) விரல்கள் ரிலீஸ் பேரிங்கை (ஃபோர்க் தள்ளும் பேரிங்) நோக்கி நகர்ந்து வருவதால், பெடலின் வெற்று ஆட்டம் (கிளட்ச் அசையும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) குறையுமே தவிர அதிகரிக்காது. பிளேட் முடிந்துபோன வண்டியில் மேட்டில் ஏறும்போது கிளட்ச் ஸ்லிப் ஆகும். உங்களுக்கு ஆட்டம் கூடுகிறது, கியர் கத்துகிறது. எனவே மிதிக்கும் தூரம் வழியிலேயே எங்கோ தொலைகிறது என்று பொருள். அது எங்கே என்று கண்டுபிடிக்காமல் மரையைத் திருகுவது, தேய்மானத்தை மறைத்து வைப்பதாகவே முடியும்.

எஞ்சினை நிறுத்தி, பேட்டரி இணைப்பைக் கழற்றி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டு, ஒருவரைப் பெடலைக் கையால் மெதுவாக அழுத்தச் சொல்லிக் கீழே படுத்துப் பாருங்கள். பெடல் ஷாஃப்ட், அதிலிருந்து வரும் ராடு, கிராஸ் ஷாஃப்ட் (குறுக்கே இருந்து அசைவைக் கடத்தும் தண்டு), அட்ஜஸ்டிங் ராடு, ஃபோர்க் என்று ஒவ்வொரு மூட்டிலும், ஒரு பாகம் அசைந்த பிறகு அடுத்தது அசைய எவ்வளவு தாமதமாகிறது என்று கவனியுங்கள். தேடலை ஃபோர்க் பக்கத்திலிருந்து தொடங்குவது நல்லது. பெடல் 150 மி.மீ. இறங்கும்போது ஃபோர்க்கின் முனை 15 மி.மீ. நகர்வதாக வைத்துக்கொண்டால், அங்கே 1 மி.மீ. தேய்ந்தாலும் பெடலில் 10 மி.மீ. வீணாகும். அதே அளவு தேய்மானம் பெடலை ஒட்டிய பின்னில் (மூட்டை இணைக்கும் சிறு தண்டு) இருந்தால் இழப்பு அதைவிட மிகக் குறைவு.

சந்தேகப்படும் பின்னைக் கழற்றிக் கிரீஸைத் துடைத்துவிட்டு, நகத்தை அதன் நீளவாக்கில் ஓட்டிப் பாருங்கள். நடுவில் நகம் ஒரு படியில் தட்டினால் பின் தேய்ந்திருக்கிறது. அது நுழையும் துளையையும் பார்க்க வேண்டும். துளை முட்டை வடிவமாகியிருந்தால் புதுப் பின் மட்டும் போட்டுப் பயனில்லை, வெல்டு வைத்து நிரப்பிச் சரியான அளவுக்கு மறுபடி துளையிட வேண்டும், அல்லது புஷ் (துளைக்குள் பொருத்தும் குழல்) அடிக்க வேண்டும். கிராஸ் ஷாஃப்டின் புஷ்களைக் கையால் மேலும் கீழும் அசைத்தாலே தெரிந்துவிடும்.

இரண்டாம் பதில்

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: கனரக வண்டிகள் சிலவற்றில் பேரிங்கைத் தள்ளுவதற்குப் பதிலாக இழுக்கும் வகைக் கிளட்ச் இருக்கும். அந்த வகையில் பிளேட் தேய்வதால் வரும் மாற்றத்தைக் கிளட்சுக்கு உள்ளே இருக்கும் அட்ஜஸ்டிங் ரிங்கில்தான் சரிசெய்ய வேண்டும். லிங்கேஜைத் திருகிச் சமாளித்தால் பெடல் சரியாக இருப்பதுபோலத் தோன்றும், ஆனால் கிளட்ச் முழுமையாக விடுபடாது. உங்கள் வண்டி எந்த வகை என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. என் வண்டியில் இருப்பது தள்ளும் வகைதான். ஃபோர்க்கை ஒட்டிய பின்னில் நகம் தெளிவாகத் தட்டுகிறது, துளையும் நீண்டிருக்கிறது. அதோடு, பெடலை அழுத்தும்போது கிராஸ் ஷாஃப்டின் ஒரு முனை எஞ்சினோடு சேர்ந்து அசைவதையும் பார்த்தேன். அது இயல்புதானா?

மூன்றாம் பதில்

இயல்பு அன்று. கிராஸ் ஷாஃப்டின் ஒரு முனை சேசிஸிலும் மறுமுனை எஞ்சின் பக்கத்திலும் தாங்கி நிற்பதால், எஞ்சின் மவுண்டிங் ரப்பர் நைந்துபோனால் மிதிக்கும் விசையில் ஒரு பங்கு எஞ்சினை நகர்த்துவதிலேயே செலவாகிவிடும். ரப்பரை மாற்றிவிட்டுப் பிறகு பின், துளை வேலைகளை முடியுங்கள்.

எல்லாம் பூட்டிய பிறகு, முன்பு திருகிய மரையைப் பின்னோக்கித் திருப்பி, வெற்று ஆட்டத்தைப் புதிதாக வைக்க வேண்டும். இத்தகைய வண்டிகள் பலவற்றில் பெடலில் 25 மி.மீ. அளவில் வைப்பார்கள், உங்கள் வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே சரி. ஆட்டமே இல்லாமல் வைத்தால் ரிலீஸ் பேரிங் ஓயாமல் சுழன்று விரைவில் கெடும், கிளட்சும் ஸ்லிப் ஆகும். ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் இதே கெடுதல்தான், ஆகவே அதையும் பாருங்கள். கழற்றிய ஸ்பிளிட் பின்களை (பின் கழன்றுவிடாமல் காக்கும், கால் விரித்து மடிக்கும் கம்பிகள்) திரும்பப் போடாமல் புதியவை போட்டு, லாக் நட்டை இறுக்குங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ரிவர்ஸ் கத்தினால், ஃபோர்க் வளைந்திருக்கிறதா, விரிசல் விட்டிருக்கிறதா என்று பெல் ஹவுசிங்கின் (கிளட்சை மூடியிருக்கும் கூடு) திறப்பு வழியாக விளக்கடித்துப் பாருங்கள். பழைய கிளட்ச் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால், அங்கே படிந்திருக்கும் தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம், ஈரத்துணியால் ஒற்றியெடுங்கள்.