வெல்டிங் முடிந்து பல மணி நேரம் கழித்து உங்களுக்கு என்ன நேர்ந்தது?

செந்தூல்

தைப்பூசத்திற்கு இரண்டு வாரமே இருந்த நேரத்தில், தம்பியின் காவடிக்கான இரும்புச் சட்டத்தை நானே செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். வீட்டில் மிச்சமிருந்த, துருப்பிடிக்காமலிருக்கப் பூச்சுப் பூசிய ஓர் அங்குல ஜி.ஐ. பைப்பும், 160 ஆம்பியர் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினும், அரைப் பெட்டி 2.6 மில்லிமீட்டர் 6013 வகை வெல்டிங் ராடும் போதும் என்று தோன்றியது. அன்று மாலை மழை வலுத்ததால், கார் நிறுத்தும் இடத்தின் இரு பக்கமும் தார்ப்பாயை இறக்கிக் கட்டிவிட்டு உட்கார்ந்தேன். தவறு எங்கே நடந்தது என்று உங்களில் பலருக்கு இந்த வரியிலேயே தெரிந்திருக்கும்.

எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்பது அந்த வெள்ளைப் பஞ்சுதான். பைப்பின் நான்காவது மூட்டுக்கு வெல்டிங் முடித்துவிட்டு முகமூடியைத் தூக்கியபோது, விளக்கு வெளிச்சத்தில் இலவம் பஞ்சு போல ஏதோ மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. கை முடியில் ஒட்டியதை ஊதினேன், பறந்தது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. அது பைப்பின் மேல் பூச்சாக இருந்த துத்தநாகம் என்பதும், அதைத்தான் ஒரு மணி நேரமாக மூச்சில் இழுத்துக்கொண்டிருக்கிறேன் என்பதும் அப்போது உறைக்கவில்லை. உள்ளே போய்த் தேநீர் குடித்தபோது, நாக்கின் அடியில் பத்துக் காசு நாணயத்தை ஒளித்து வைத்தது போல ஒரு சுவை.

இரவு ஒரு மணிக்குக் குளிர் தொடங்கியது. கோலாலம்பூரில், விசிறியையும் நிறுத்திவிட்டு, இரண்டு போர்வைக்குள் பல் தந்தியடிக்கப் படுத்திருந்தேன். காலையில் கிளினிக்கில் டெங்கியாக இருக்கலாம் என்று இரத்தம் எடுத்தார்கள். டெங்கி என்றால் வெள்ளணுக்கள் பெரும்பாலும் குறையும், எனக்கோ கூடியிருந்தன. அறிக்கையைப் பார்த்த டாக்டர், "நேற்று என்ன வேலை செய்தீர்கள்?" என்று கேட்ட பிறகுதான் பைப்பின் நினைவே வந்தது. மறுநாள் மாலைக்குள் எல்லாம் தானாகவே இறங்கிவிட்டது. ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டு வேலைக்கு உட்கார்ந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று மாமா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். வேலை நடக்கும்போது ஒன்றும் தெரியாமல், பிறகு இப்படி மாட்டிக்கொண்டவர்கள் வேறு யாரேனும் இருந்தால் எழுதுங்கள்.

ஆயர் ஈத்தாம்

உங்களுக்கு மூச்சு, எங்கள் வீட்டில் கண். மாட்டிக்கொண்டவர் நானில்லை, அப்பா.

பின்வாசல் கிரில்லுக்குச் சட்டம் பொருத்திக்கொண்டிருந்தோம். லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் வாங்கிய, தானாக இருளும் முகமூடி என் தலையில் இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த அப்பாவின் முகத்தில் அவருடைய வாசிப்புக் கண்ணாடி மட்டும். "நான் அந்தப் பக்கம்தான் பார்க்கிறேன், நீ போடு" என்றார். ஏழெட்டு வெல்டிங் புள்ளிகள்தாம் வைத்தோம். ஒவ்வொன்றும் இரண்டு வினாடிகூட இராது. சாப்பிட்டார், செய்தி பார்த்தார், படுத்துவிட்டார்.

இரவு இரண்டு மணிக்குச் சமையலறையில் சத்தம் கேட்டு ஓடினேன். ஐஸ் எடுக்கப் போனவர் பிரிட்ஜின் கதவைத் திறந்தவாறே, முழங்கைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "விளக்கை அணை, விளக்கை அணை" என்று கத்திக்கொண்டிருந்தார். வீடு முழுக்க இருட்டு. எரிந்தது பிரிட்ஜுக்குள் இருந்த சின்ன விளக்கு ஒன்றுதான். கதவைச் சாத்தினேன். கண்ணில் யாரோ மணலை அள்ளிப் போட்டுத் தேய்ப்பது போல இருக்கிறது என்றார். அம்மா உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி வைத்துப் பார்த்தார். அது வெந்நீராகச் சூடேறியதுதான் மிச்சம்.

மருத்துவமனையில் ஆரஞ்சு நிறச் சாயத்தைச் சொட்டுவிட்டு நீல விளக்கால் பார்த்தார்கள். கருவிழி முழுவதும் ஊசி குத்தினாற்போல் பச்சைப் புள்ளிகள் என்று டாக்டர் சொன்னார். பரிசோதனைக்காக விட்ட மரத்துப்போகும் சொட்டு மருந்தால் வலி நொடியில் போய்விட்டதால், அதையே வீட்டிற்கும் கொடுக்கும்படி அப்பா கெஞ்சினார். திரும்பத் திரும்ப விட்டால் கருவிழி ஆறாது என்று மறுத்துவிட்டார்கள். ஒன்றரை நாளில் சரியானது. அதன்பிறகு அவர் கம்பி பிடிக்க வருவதில்லை. என் முகமூடியைத்தான் அடிக்கடி முறைத்துப் பார்க்கிறார்.

பிறை, பழைய வெல்டர்

முதலில் பால் விஷயம். செந்தூல் தம்பியின் மாமாவிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்: பால் போவது வயிற்றுக்கு, புகை போவது நுரையீரலுக்கு. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் எங்கள் மேஸ்திரி கொடுத்த பாலைக் குடித்துவிட்டே ஜி.ஐ. தொட்டி ஒன்றைப் பற்றவைத்தேன். இரவில் நடுங்கவும் செய்தேன். என் கதை அவ்வளவுதான்.

இரும்பு உருகுவதற்கு 1,500 பாகை செல்சியஸுக்குப் பக்கத்தில் வேண்டும். துத்தநாகமோ 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஆகவே நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், பூச்சை எடுக்காமல் பற்றவைத்தால் புகை வந்தே தீரும். மூட்டின் இரு பக்கமும் ஐந்து சென்டிமீட்டருக்குக் கிரைண்டரால் வழித்துவிட வேண்டும். பலர் மறப்பது, பைப்பின் உட்புறத்திலும் அதே பூச்சு இருக்கிறது என்பதை. அங்கே கிரைண்டர் போகாது. அதனால் பூச்சில்லாத கறுப்புப் பைப்பை வாங்கி, வேலை முடிந்தபின் பெயிண்ட் அடிப்பதே மேல். கடையில் விற்கும் மூன்று மடிப்பு முகக்கவசம் இந்தப் புகைக்கு உதவாது; முகமூடிக்கு அடியில் பொருந்துகிற, துகள் வடிகட்டி பூட்டிய அரைமுகக் கவசம் வேண்டும். விசிறியைப் பக்கவாட்டிலிருந்து வையுங்கள், தலை புகைக்கு நேர் மேலே இருக்கக் கூடாது. ராடு வெல்டிங்கை மிதமான காற்று ஒன்றும் செய்யாது. ராடுக்குப் பதில் கம்பி தானாக வந்துகொண்டிருக்க, கேஸ் வைத்துச் செய்யும் மிக் வெல்டிங்தான் காற்றில் கெடும்.

ஆயர் ஈத்தாம் நண்பருக்கு: உங்கள் முகமூடியின் வடிகட்டி, இருளாத நிலையிலும் புற ஊதாக் கதிரைத் தடுத்துக்கொண்டுதான் இருக்கும், இருள்வது கண் கூசாமலிருக்க. உங்கள் அப்பாவிற்கு அது இல்லை, கண்ணாடியின் பக்கவாட்டு இடைவெளி வழியே கதிர் போய்விட்டது. ஏழெட்டுப் புள்ளிகள்தாமே என்று நினைக்காதீர்கள், அந்த வினாடிகள் கூடிக்கொண்டே போகும். கண்ணை மூடிக்கொண்டு புள்ளி வைக்கிறேன் என்பவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளட்டும். கை முந்துமா இமை முந்துமா என்பது யாருக்கும் தெரியாது.

இன்னொன்று, யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். 160 ஆம்பியர் மெஷினை முழுவதும் ஏற்றினால் வீட்டு 13 ஆம்பியர் பிளக்கின் வரம்பைத் தாண்டிவிடும், 2.6 ராடுக்கு 70 முதல் 90 போதும். நம் ஊர் ஈரக்காற்றில் ராடு நமத்துவிட்டது என்று 6013ஐ 300 பாகையில் வாட்டுகிறார்கள். அது 7018 என்ற வேறு வகை ராடுக்கான கணக்கு. 6013க்கு 100 பாகையைச் சுற்றி வைத்தாலே போதும், மிகையாக வாட்டினால் மேல்பூச்சு கெட்டுப் போகும். சரி, கடைசியாக: வீட்டில் பழகிய கையால் போட்ட வெல்டிங்கைத் தோளில் சுமந்துகொண்டு பத்துமலையின் 272 படிகளை ஏறுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. இடுப்புப் பட்டை சேரும் இடத்திற்காவது போல்ட் போடுங்கள்.

கெப்போங்

பிறை அண்ணன் சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் வடிகட்டிக் கவசம், வாட்டும் அடுப்பு என்று அடுக்கிக்கொண்டே போனால் வீட்டில் செய்பவன் மெஷினைப் பெட்டியிலிருந்தே எடுக்கமாட்டான். எனக்கு வந்த கோளாறுக்கு அந்தப் பட்டியலில் பதிலும் இல்லை.

ஜாலான் பாசார் பக்கம் ஒரு கடையில், கேஸ் இல்லாமல் ஓடுகிற, உள்ளே பொடி அடைத்த ஃப்ளக்ஸ் கம்பியோடு ஒரு மிக் மெஷின் வாங்கினேன். முதல் நாளிலிருந்தே பொறி தெறித்தது. எண்ணெயில் தண்ணீர் பட்டாற்போல் வெடித்தது. கைப்பழக்கம் போதவில்லை என்று நினைத்து, கரடுமுரடானதைக் கிரைண்டரால் மழித்து, கறுப்புப் பெயிண்ட் அடித்து, அம்மாவின் துளசித் தொட்டிகளுக்கு மூன்று அடுக்கு நிலைச்சட்டம் செய்துவிட்டேன். பார்க்கக் கடையில் வாங்கியது போலவே இருந்தது. பதினேழாம் நாள் விடியற்காலையில் அது நான்கு தொட்டிகளோடு சரிந்தது.

உடைந்த மூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஆப்பத்தின் நடுப்பகுதியைப் பிய்த்தால் எப்படி இருக்குமோ அப்படி, உள்ளே முழுவதும் பொத்தல். அடித்தட்டு இரும்பு உருகவே இல்லை. மேலே ஒட்டிக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறது. மெஷினின் பக்கக் கதவைத் திறந்தபோதுதான் தெரிந்தது: கேஸ் கம்பிக்கு ஏற்றபடி டார்ச், அதாவது கம்பி வெளிவரும் கைப்பிடி, பாசிட்டிவில் பூட்டப்பட்டிருந்தது. ஃப்ளக்ஸ் கம்பிக்கு டார்ச் நெகட்டிவில், இரும்பைக் கவ்வும் எர்த் பாசிட்டிவில் இருக்க வேண்டும். இரண்டு நட்டைக் கழற்றி மாற்ற இரண்டு நிமிடம் ஆனது. அதைப் பற்றிய படம் கதவின் உட்புறத்திலேயே ஒட்டியிருந்தது என்பதை இங்கே எழுதாமல் விட்டிருக்கலாம்.

செந்தூல் தம்பி, உங்கள் தம்பி எந்தச் சட்டத்தைத் தூக்கினார்?

செந்தூல்

கெப்போங் நண்பரின் துளசித் தொட்டிகளைப் படித்த பிறகு, மிச்சம் வைத்திருந்த ஜி.ஐ. சட்டத்தின் ஒரு மூட்டைக் கிரைண்டரால் குறுக்கே அறுத்துப் பார்த்தேன். உள்ளே மூன்று பெரிய பொத்தல்கள் இருந்தன. ஆவியான துத்தநாகம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கியிருக்க வேண்டும். நல்லவேளையாக அதைத் தம்பி தூக்கவில்லை. காய்ச்சல் விட்ட மறு வாரமே கறுப்புப் பைப் வாங்கி, தார்ப்பாயைச் சுருட்டி மேலே கட்டிவிட்டு, புதிதாக ஒரு சட்டம் செய்துவிட்டோம். பிறை அண்ணன் சொல்வதற்கு முன்பே, அப்பா அடம்பிடித்ததால், இடுப்புப் பட்டைக்கும் தோள் வளைவிற்கும் 8 மில்லிமீட்டர் போல்ட் போட்டிருந்தோம். அன்றும் மாமா ஒரு டம்ளர் பாலைக் கொண்டுவந்து மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். தம்பி எடுத்துக் குடித்துவிட்டான்.