நொய்யல் உப்பானதற்கு யார் பொறுப்பு?

கேள்வி:
வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் நொய்யலைத் திருப்பூர்ச் சாயக்கழிவு பாழாக்கியது ஊரறிந்த செய்தி. இதில் சாயப்பட்டறைகளை மட்டும் குற்றம் சொல்வது முறையா, அல்லது மலிவு விலையில் பனியன் வாங்கி அணியும் நம் எல்லோருக்கும் பங்கு உண்டா? இப்போது கழிவு முழுவதும் சுத்திகரிக்கப்படுவதாகச் சொல்கிறார்களே, அத்துடன் கணக்கு தீர்ந்துவிட்டதா?

மறுமொழி (ஆயக்கட்டு விவசாயி):
1992-ல் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பட்டபோது, பாசனத்துக்குத் தண்ணீர் வரும் என்று நம்பிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. ஆனால் அணையில் தேங்கியது சாயத்தண்ணீர். அதைத் திறந்துவிட வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. கிணற்று நீரைப் பாய்ச்சினால், வயல் காய்ந்ததும் மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கும்; தென்னையில் ஓலை நுனி கருகும். ஆகவே எல்லோருக்கும் பங்கு உண்டு என்று பொதுவாகப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்பதை வேலூர் தோல் ஆலைகள் வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. அதன் பின்னரும் கழிவு நிற்கவில்லை. விவசாயிகள் விடாமல் வழக்கு நடத்தியதால்தான் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

மறுமொழி (சாயத் தொழிலில் இருப்பவர்):
ஐயா சொல்வதை நான் மறுக்கவில்லை. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். ஆனால் அந்த உப்பு துணியில் தங்காமல் அலசும் நீரோடு வெளியேறிவிடும். அந்நாளைய சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தை நீக்கினவே தவிர, கரைந்த உப்பை நீக்கவில்லை. பார்வைக்குத் தெளிந்திருந்த தண்ணீரும் நிலத்தைக் கெடுத்தது அதனால்தான். இப்போது நுண்சவ்வு வழியே நீரை அழுத்தி வடிக்கும் ஆர்.ஓ. முறையில் நீரைப் பிரித்துவிட்டு, எஞ்சும் உப்புநீரை ஆவியாக்குகிறோம். அதற்கு விறகோ நிலக்கரியோ எரிக்க வேண்டியிருக்கிறது. மீண்டும் பயன்படாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கிடங்கில் சேர்கிறது. எனவே கணக்கு தீரவில்லை. இந்தச் செலவைச் சாயக் கூலியில் ஏற்றினால், விலையை உயர்த்தித் தர, ஆடைகளை வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் எளிதில் சம்மதிப்பதில்லை. அவர்களுடைய பொறுப்பைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

மறுமொழி (ஆயக்கட்டு விவசாயி):
அதைப் பேசுங்கள், நானும் உடன்படுகிறேன். ஆனால் நிலத்தடியில் இறங்கிய உப்பை எடுக்க எந்தப் பட்டறையிலும் இயந்திரம் இல்லை. நல்ல தண்ணீர் ஆண்டுக்கணக்கில் பாய்ந்துதான் அது கழுவப்பட வேண்டும். ஆகவே, மழை இரவுகளில் வெள்ளத்தோடு வெள்ளமாகக் கழிவைத் திறந்துவிடுபவர் எவராக இருந்தாலும், அவரை உங்கள் தொழிலில் இருப்பவர்களே முன்வந்து காட்டிக்கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.